ஜூலிப் உரையாடல் செயலி: மார்த்தாண்டத்துத் தேன் குழுவில் ஒரு பருவம் முழுதும் பயன்படுத்திப் பார்த்த மதிப்புரை

மார்த்தாண்டத்தைச் சுற்றியுள்ள ஊர்களில் தேனீ வளர்ப்போருக்குத் தை பிறந்துவிட்டால் ஓய்வு கிடையாது. ரப்பர் மரங்கள் இலை உதிர்த்துத் தளிர்க்கும் காலத்தில், இளந்தளிரின் காம்பு நுனியில் ஊறும் இனிப்பு நீரைத் தேடித் தேனீக்கள் பறக்கும். பூவில் அல்லாமல் இலையில் கிடைக்கும் இந்த நீர்தான் எங்கள் பகுதித் தேனுக்குப் பெரும் ஆதாரம். அந்த இரண்டு மூன்று மாதங்களில் பெட்டிகளை அருமனை, களியல், குலசேகரம் பக்கத்துத் தோட்டங்களுக்கு ஏற்றுவதும், தேன் எடுப்பதும், கொள்முதல் விலையைக் கேட்டறிவதும், எந்தத் தோட்டத்தில் யாருடைய பெட்டிகள் நிற்கின்றன என்று கணக்கு வைப்பதும் ஒரே நேரத்தில் நடக்க வேண்டும். எங்கள் குழுவில் 64 பேர் இருக்கிறோம். இவ்வளவையும் கைப்பேசியில் எழுதியே பேசிக்கொள்கிறோம் என்பதால், அந்தப் பேச்சு எங்கே தங்குகிறது, ஓராண்டு கழித்து அதை எடுத்துப் பார்க்க முடிகிறதா என்பவை எங்கள் வருமானத்தைத் தொடும் கேள்விகள்.

நாங்கள் முன்பு வைத்திருந்தது எல்லோருடைய கைப்பேசியிலும் இருக்கும் ஓர் இலவசச் செயலியின் குழு. அதில் விலையும், நோய்ப் பெட்டியின் படமும், காலை வணக்கமும், கோயில் கொடை அழைப்பும் ஒரே ஓடையில் வந்து விழுந்தன. புதிய கைப்பேசி வாங்கியவருக்குப் பழைய பேச்சு கிடைக்கவில்லை. எல்லாவற்றையும்விட என்னை உறுத்தியது வேறொன்று: குழுவில் சேர்ந்த எவருக்கும் மற்ற எல்லோருடைய கைப்பேசி எண்ணும் தெரிந்தது. குழுவிலிருந்து எண்களை எடுத்த சில வியாபாரிகள், தேன் எடுக்கும் பெண்களை இரவில் அழைத்து விலை பேசினார்கள். அதன் பிறகு மூன்று பெண்கள் குழுவைவிட்டு விலகினார்கள். அவர்களைத் திரும்ப அழைத்துவர வேண்டும் என்ற எண்ணத்தில்தான் சொந்த சர்வரில், அதாவது செய்திகளைச் சேமித்துப் பகிரும் நம் சொந்தக் கணினியில், இயங்கும் உரையாடல் செயலி ஒன்று வேண்டும் என்று முடிவு செய்தேன்.

நான் நாகர்கோவிலில் மென்பொருள் வேலை செய்பவன். ஆகவே முதலில் நானே எழுதத் தொடங்கினேன். முடிவில் தேர்ந்தெடுத்த ஜூலிப் ஏன் நல்லது என்பதை அந்த ஐந்து மாதங்கள்தான் எனக்குக் கற்றுக்கொடுத்தன என்பதால் அதைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது.

செய்தியை ஒரு கைப்பேசியிலிருந்து இன்னொன்றுக்கு அனுப்புவது எளிது. இருபுறமும் தொடர்ந்து திறந்திருக்கும் வெப்சாக்கெட் இணைப்பு ஒன்றைத் திறந்து, வந்ததை எஸ்க்யூலைட் என்ற சிறு தரவுத்தளக் கோப்பில் எழுதி, மற்றவர்களுக்குத் தள்ளிவிடும் நிரலை ஒரு ஞாயிற்றுக்கிழமையில் முடித்துவிட்டேன். வீட்டில் அழகாக ஓடியது. பேச்சிப்பாறைப் பக்கம் ரப்பர் தோட்டத்துக்குள் போனதும் தடுமாறியது. அங்கே சிக்னல் ஒரு மரத்தடியில் இருக்கும், அடுத்த மரத்தடியில் இருக்காது. களியல் தோட்டத்திலிருந்து ஒருவர் "40 பெட்டி வேண்டும்" என்று எழுதினார். சர்வருக்குச் செய்தி வந்து சேர்ந்தது. ஆனால் வந்து சேர்ந்தது என்ற பதில் அவருடைய கைப்பேசிக்குத் திரும்பிப் போகும் முன் இணைப்பு அறுந்தது. செயலி அதே செய்தியை மறுபடியும் அனுப்பியது. இரண்டையும் பார்த்த வண்டிக்காரர் 80 பெட்டி வேண்டுமாக்கும் என்று நினைத்து, இருட்டு வேளையில் மூன்று வீடுகளில் ஏறி இறங்கிப் பெட்டி சேர்த்துக்கொண்டு போனார். தேனீப் பெட்டியை இரவில்தான் நகர்த்த முடியும். மிஞ்சியவற்றை அன்றிரவே திரும்பக் கொண்டுவந்து அவரவர் இடத்தில் வைக்க வேண்டியதாயிற்று. ஒவ்வொரு செய்திக்கும் கைப்பேசியிலேயே ஓர் அடையாள எண்ணை உருவாக்கி, அதே எண்ணுடன் இரண்டாம் முறை வருவதைத் தரவுத்தளம் ஏற்காதபடி செய்வதுதான் இதற்கு மருந்து. மருந்து நான்கு வரி நிரல்தான், ஆனால் நோயை நான் முன்கூட்டி அறிந்திருக்கவில்லை.

நேர வரிசையிலும் இதேபோல் தவறினேன். செய்திகளைக் கைப்பேசியின் கடிகாரப்படி அடுக்கினேன். ஒருவருடைய கைப்பேசியில் தேதி ஒரு நாள் முந்தி இருந்ததால் அவர் எழுதியதெல்லாம் மறுநாள் வரை பட்டியலின் கடைசியிலேயே நின்றது. வரிசை எண்ணைச் சர்வர்தான் கொடுக்க வேண்டும்.

தமிழ் எழுத்து இன்னொரு பாடத்தைக் கொடுத்தது. அறிவிப்பில் செய்தியின் முதல் 40 குறிகளை மட்டும் காட்டும்படி வெட்டியிருந்தேன். நம் கண்ணுக்கு ஒரே எழுத்தாகத் தெரியும் 'லை' கணினிக்கு 'ல' ஒன்று, ஐகாரக் குறி ஒன்று என இரண்டு குறிகள். வெட்டு அவற்றின் நடுவில் விழுந்தபோது 'விலை' என்பது 'வில' என்று நின்றது. புள்ளி போன இடங்களில் சொல்லே மாறியது. இப்போதைய உலாவிகளில் எழுத்து எழுத்தாகப் பிரித்துத் தரும் இன்டில் செக்மென்டர் என்ற வசதி இருக்கிறது. அதைக் கொண்டு சரிசெய்தேன். பிறகு தேடலில் சிக்கினேன். 'கொ' என்பதைச் சில விசைப்பலகைகள் க, ஒகரக் குறி என இரண்டாகவும், சில இடங்களிலிருந்து ஒட்டப்பட்ட உரை க, எகரக் குறி, கால் என மூன்றாகவும் கொண்டுவருகின்றன. திரையில் இரண்டும் ஒன்றுபோலத் தெரியும், தேடினால் ஒன்று மற்றொன்றைக் கண்டுபிடிக்காது. எழுத்துகளுக்கான பொதுக் குறியீட்டு முறையான யூனிகோடின் விதிப்படி எல்லாவற்றையும் ஒரே வடிவத்துக்கு மாற்றிச் சேமித்தால்தான் தேடல் நம்பத்தக்கதாகும். தமிழில் செயலி எழுதும் எவரும் முதல் நாளே செய்ய வேண்டிய வேலை இது என்று அழுத்தமாகச் சொல்வேன்.

இவற்றை ஒவ்வொன்றாகத் தீர்த்து வந்தபோது ஐப்பசி ஆகிவிட்டது. கோப்பு ஏற்றுவது, கடவுச்சொல் மறந்தவரை மீட்பது, பாதுகாப்புத் திருத்தங்கள் ஆகியவை அப்படியே மிச்சமிருந்தன. தை மாதத்துக்குள் 64 பேருடைய பிழைப்பை என் அரைகுறைச் செயலியின் மேல் ஏற்றுவது நியாயமல்ல என்று தோன்றியதால், ஏற்கெனவே பலர் சேர்ந்து எழுதி நிறுத்தியிருக்கும், யாரும் நிரலைப் பார்த்துப் பயன்படுத்தக்கூடிய திறமூலச் செயலிகளைப் பார்க்கத் தொடங்கினேன்.

மேட்டர்மோஸ்ட், ராக்கெட்.சாட் இரண்டும் அலுவலகக் குழுக்களுக்குப் பொருத்தமாகத் தோன்றின. மேட்ரிக்ஸ் என்ற செய்திப் பரிமாற்ற நெறிமுறை சர்வருக்குச் சர்வர் பேசக்கூடியது, அனுப்புபவரும் பெறுபவரும் மட்டுமே படிக்கக்கூடிய இருமுனை மறையாக்கம் உள்ளது. ஆனால் மறையாக்கச் சாவியைப் பத்திரப்படுத்துவது பற்றி எங்கள் மூத்த உறுப்பினர்களுக்கு விளக்கி முடிக்க முடியும் என்று எனக்குத் தோன்றவில்லை. 1999இல் ஜாபர் என்ற பெயரில் தொடங்கிய எக்ஸ்எம்பிபி நெறிமுறையில் இயங்கும் ப்ரோசடி என்ற சர்வர் மென்பொருள் மிகச் சிறிய கணினியிலும் ஓடும். வெறும் செய்திப் பரிமாற்றம் போதும் என்பவர்களுக்கு இன்றும் அதைத்தான் பரிந்துரைப்பேன். எங்களுக்கு வேண்டியதோ பேச்சைப் பிரித்து வைக்கும் ஒழுங்கு. அதற்காகவே ஜூலிப்பைத் தேர்ந்தெடுத்தேன்.

ஜூலிப் 2012இல் ஒரு சிறு நிறுவனமாகத் தொடங்கி, 2014இல் ட்ராப்பாக்ஸ் கைக்குப் போய், 2015 செப்டம்பரில் அப்பாச்சி 2.0 உரிமத்தின்கீழ் திறமூலமாக வெளியிடப்பட்டது. அடியில் பைதான் மொழியும் ஜாங்கோ சட்டகமும் போஸ்ட்கிரெஸ் தரவுத்தளமும் இருக்கின்றன. திறமூல மென்பொருளில் பங்களிக்க வைக்கும் கூகுள் சம்மர் ஆஃப் கோட் திட்டம் வழியாக இந்திய மாணவர்கள் பலர் இதில் எழுதியிருக்கிறார்கள். வடிவமைப்பின் காரண காரியங்களை அதன் ஆவணங்கள் விளக்கும் விதத்தைப் பார்த்தபோது, நான் தட்டுத்தடுமாறிக் கண்டுபிடித்த ஒவ்வொன்றுக்கும் அங்கே பெயரும் விளக்கமும் இருந்தன. நம் மாவட்டத்துப் பொறியியல் கல்லூரி மாணவர்கள் இறுதியாண்டுத் திட்டத்துக்கு உரையாடல் செயலி எழுதுவதானால், முதலில் ஒரு மாதம் இந்த ஆவணங்களைப் படிக்கட்டும் என்பது என் விருப்பம்.

இதன் உயிர்நாடி 'டாபிக்' என்ற தலைப்பு முறை. சேனல் என்ற ஒவ்வொரு பேச்சுப் பிரிவுக்குள்ளும் நடக்கும் ஒவ்வொரு பேச்சுக்கும் ஒரு தலைப்பு உண்டு. நாங்கள் விலை, இடமாற்றம், நோய், மானியம், பொது என ஐந்து சேனல்களை வைத்திருக்கிறோம். 'இடமாற்றம்' சேனலில் ஒவ்வொரு தோட்டத்துக்கும் ஒரு தலைப்பு. திற்பரப்புத் தோட்டத்துப் பேச்சு அந்தத் தலைப்பின் கீழ் மட்டும் நிற்கும். அதில் பெட்டி வைக்காதவர் அதை ஒலியடக்கிவிடலாம். வேலை முடிந்ததும் தலைப்பின் மேல் சரி என்று டிக் போட்டு மூடிவிடலாம். தவறான இடத்தில் எழுதியவரைக் கடிந்துகொள்ளத் தேவையில்லை, நிர்வாகி அந்தச் செய்தியை எடுத்து உரிய தலைப்புக்குள் வைத்துவிடலாம். முதல் இரண்டு வாரங்கள் நான் தினமும் இருபது முப்பது செய்திகளை இப்படி இடம் மாற்றினேன். மூன்றாம் வாரத்தில் அது நான்கைந்தாகக் குறைந்தது. காலை வணக்கத்துக்கும் 'பொது' சேனலில் ஒரு தலைப்பு இருக்கிறது, அதை விரும்புகிறவர்கள் விரும்பும்வண்ணம் பயன்படுத்துகிறார்கள், யாருக்கும் மனவருத்தம் இல்லை.

நோய்ச் சேனல் எனக்கு மிக முக்கியமாகப் படுகிறது. 1990களின் தொடக்கத்தில் தாய்லாந்து சாக்புரூட் என்ற வைரஸ் நோய் தென்னிந்தியாவின் தேனீக் கூட்டங்களைக் கூட்டங்கூட்டமாக அழித்ததை நேரில் கண்டவர்கள் எங்கள் குழுவில் இருக்கிறார்கள். புழுக்கள் பை போல ஊதிக் கிடக்கும் அடையின் படத்தை ஒருவர் இட்டால், அது எந்தத் தோட்டம், எந்தத் தேதி என்பது தலைப்போடு பதிவாகிறது. பழைய குழுவில் அந்தப் படம் அரை மணி நேரத்தில் மேலே போய் மறைந்துவிடும்.

இனிக் குறைகள். தலைப்பின் நீளம் 60 குறிகளுக்குள் அடங்க வேண்டும். ஆங்கிலத்தில் 60 என்பது தாராளம். "களியல் தோட்டத்தில் பெட்டி வைக்க இடம் கேட்டு வந்த விண்ணப்பங்கள்" என்று ஒரு தலைப்பை எழுதிப் பாருங்கள். இடைவெளியையும் சேர்த்து நாம் எண்ணினால் 40 வரும். கணினியின் கணக்கில் 62. ஆகவே எழுதும்போதே 'விண்ணப்பங்க' என்று நின்றுவிடும். தலைப்பைச் சுருக்கி எழுதப் பழகிக்கொண்டோம் என்றாலும், உயிர்மெய் எழுத்து உள்ள மொழிகளுக்கு இந்த வரம்பு ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்காகச் சுருங்கிவிடுகிறது என்பதை உருவாக்குநர்கள் கவனிக்க வேண்டும்.

தேடல் இதைவிடப் பெரிய விஷயம். இயல்பான நிலையில் ஜூலிப்பின் தேடல் ஆங்கிலத்தைக் கருதி அமைக்கப்பட்டது. தமிழில் சொல் எழுதியபடியே பொருந்தினால்தான் கிடைக்கும். 'தேன்' என்று தேடுபவருக்குத் 'தேனை', 'தேனுக்கு' ஆகியவை அகப்படா. போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தில் 2019இல் வந்த 12ஆம் பதிப்பிலிருந்து தமிழ் வேர்ச்சொல் பிரிப்பி இருந்தும், ஜூலிப் அதைப் பயன்படுத்துவதில்லை. அதற்கு மாற்றாக பிஜிரூங்கா என்ற நீட்சியை இணைத்துக்கொள்ளும் வழி வைத்திருக்கிறார்கள். எல்லா மொழிகளுக்கும் பொதுவான தேடல் அது. அதை இணைத்த பிறகு புள்ளியை விட்டுத் 'தேன' என்று இட்டால் வேற்றுமை உருபேற்ற சொற்களும் வந்து நிற்கின்றன. இந்த ஒரு சிறு தந்திரத்தை எல்லோருக்கும் சொல்லிக்கொடுத்தேன். தமிழ்க் குழுவுக்காக ஜூலிப்பை நிறுவுகிறவர்கள் பிஜிரூங்காவைப் பின்னால் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட வேண்டாம்.

நிறுவுவது கடினமில்லை. உபுண்டு அல்லது டெபியன் உள்ள ஒரு சர்வர், குறைந்தது 2 ஜிபி நினைவகம், 10 ஜிபி வட்டு, ஒரு டொமைன் பெயர் (இணைய முகவரி), மின்னஞ்சல் அனுப்ப ஒரு வழி ஆகியவை இருந்தால் அதன் நிறுவல் நிரலே மற்றவற்றைச் செய்துவிடுகிறது. முதலில் என் வீட்டிலிருந்த பழைய மடிக்கணினியிலேயே வைக்க எண்ணினேன். வீட்டு ஃபைபர் இணைப்பில் பல வீடுகளுக்குச் சேர்த்து ஒரே பொது முகவரியைத்தான் தருகிறார்கள் என்பதால் வெளியிலிருந்து சர்வரை அடைய முடியவில்லை. அதற்கும் ஒரு சுற்றுவழி கண்டுபிடித்தேன். ஆனால் ஐப்பசி இடியில் வீட்டிலிருந்த ஃபைபர் பெட்டி கருகிப்போனது. மேற்கு மலையடிவாரத்தில் இருப்பவர்களுக்கு இது புதிதல்ல. அதன் பிறகு வாடகைக்கு ஒரு சர்வர் எடுத்தேன். மாதம் ஏறக்குறைய 1,200 ரூபாய் ஆகிறது. 64 பேருக்குப் பகிர்ந்தால் ஆளுக்கு 19 ரூபாய்க்கும் குறைவு. குழுவின் பொது நிதியிலிருந்து கொடுக்கிறோம்.

உறுப்பினர்களை உள்ளே கொண்டுவருவதுதான் சிரமமாக இருந்தது. ஜூலிப்பில் கணக்குத் தொடங்க மின்னஞ்சல் முகவரி வேண்டும். எங்களில் பாதிப் பேருக்குத் தங்களுக்கு ஒரு மின்னஞ்சல் இருப்பதே தெரியாது, கடையில் கைப்பேசி வாங்கியபோது யாரோ தொடங்கிக் கொடுத்தது. கூகுள் கணக்கு வழியாக நுழையும் வசதியை இயக்கிய பிறகுதான் வேலை நடந்தது. ஆற்றூரில் ஒரு திண்ணையில் உட்கார்ந்து இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளில் எல்லோருடைய கைப்பேசியிலும் நானே செயலியை ஏற்றிக் கொடுத்தேன். 2025 ஜூனில் ஃப்ளட்டர் என்ற நிரல் சட்டகத்தில் புதிதாக எழுதி வெளியிட்ட மொபைல் செயலி விரைவாகத் திறக்கிறது. பழைய கைப்பேசிகளிலும் குறை சொல்லும்படி இல்லை. கைப்பேசி எண்ணை அது எங்கும் கேட்பதில்லை. மின்னஞ்சலையும் மற்றவர்களுக்குத் தெரியாமல் மறைத்துவிடலாம். விலகிப்போன மூன்று பெண்களும் திரும்பி வந்துவிட்டார்கள். இந்த ஒன்றுக்காகவே இத்தனை உழைப்பும் தகும்.

சொந்த சர்வர் என்றாலும் கைப்பேசியில் மணி அடிப்பது முற்றிலும் நம் கையில் இல்லை என்பதை முன்கூட்டியே தெரிந்துகொள்ளுங்கள். ஆண்ட்ராய்டுக்கும் ஐபோனுக்கும் அறிவிப்புகள் ஜூலிப் நிறுவனத்தின் சேவை வழியாகவே போகின்றன. 10 பேர் வரை அது இலவசம். அதற்கு மேல் கட்டணத் திட்டம் உண்டு, தகுதியுள்ள சமூகக் குழுக்கள் விண்ணப்பித்தால் இலவசமாகத் தருகிறார்கள். நாங்கள் விண்ணப்பித்துப் பெற்றோம். இன்னொன்று, செய்திகளுக்கு இருமுனை மறையாக்கம் கிடையாது. சர்வரை நிர்வகிப்பவன் நினைத்தால் தரவுத்தளத்தைத் திறந்து எல்லோருடைய பேச்சையும், தனிச்செய்திகளையும்கூடப் படிக்க முடியும். இதை முதல் கூட்டத்திலேயே எல்லோருக்கும் சொன்னேன். சர்வரின் கடவுச்சொல் என்னிடமும், குழுவின் கணக்கைப் பார்க்கும் அக்காவிடம் மூடிய உறையிலும் இருக்கிறது. வீட்டு விஷயங்களை இங்கே எழுத வேண்டாம் என்றும் கேட்டுக்கொண்டேன்.

புதுப்பிக்க ஒரே கட்டளை போதும். காப்புப்பிரதி எடுக்கவும் ஒரே கட்டளைதான். தரவுத்தளம், படங்கள், அமைப்புகள் எல்லாம் ஒரே கோப்பாக வருகின்றன. ஆனால் எந்தப் பதிப்பில் எடுத்தோமோ அதே பதிப்பில்தான் அதை மீட்க முடியும். பிரதி எடுத்ததோடு நின்றுவிடாமல், முன்பு சொன்ன பழைய மடிக்கணினியில் அதை மீட்டுப் பார்த்தேன். முதல் முறை பதிப்பு ஒத்துப்போகாமல் தோற்றது, இரண்டாம் முறை எல்லாச் செய்திகளும் வந்தன. இப்போது மூன்று மாதத்துக்கு ஒருமுறை அதைச் செய்கிறேன்.

நான் எழுதிய நிரலில் ஒரு பகுதி வீணாகவில்லை. ஜூலிப்புக்கு வெளியிலிருந்து பேசும் பைதான் நிரல்தொகுதி இருப்பதால், இடமாற்றத் தலைப்புகளில் "பெட்டி 40" என்று யாராவது எழுதினால் அதை ஒரு கணக்குத்தாளில் ஏற்றும் பாட் என்ற சிறு தானியங்கி நிரல் ஒன்றை எழுதினேன். ஒரே செய்தியை இரண்டு முறை எண்ணாமல் இருக்க, ஜூலிப் தரும் செய்தி எண்ணையே அடையாளமாகப் பயன்படுத்துகிறேன். அந்த 80 பெட்டி இரவில் கற்றது இங்கே கைகொடுத்தது.

கார்த்திகை முடிவில் ஒரு நாள் குழுவின் மூத்த உறுப்பினரான ஓர் அம்மா என்னை அழைத்தார். "மக்கா, போன வருசம் இந்த நேரத்துல குலசேகரத்துல எந்தத் தோட்டம் முதல்ல இலை உதுத்துச்சுன்னு நான் எழுதியிருந்தேனே, அது இதுல இப்பவும் கெடக்குமா?" என்று கேட்டார். குலசேகரம் தலைப்பைத் திறந்து மேலே போகச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேச்சில்லை. பிறகு அவர் எழுதியதை அவரே எனக்குப் படித்துக் காட்டினார்: தோட்டத்தின் பெயர், கிழக்குச் சரிவு, மார்கழி 3. அந்தத் தோட்டத்துக்காரரிடம் இந்த முறை முன்னதாகவே இடம் கேட்டுவிடலாம் என்று சொல்லி, அதே தலைப்பின் கீழ் அடுத்த செய்தியை எழுதத் தொடங்கினார்.